மார்ப்பதக்கத்தின் சாவி

ஜெருசலேம். கி.பி. முதல் நூற்றாண்டின் ஆரம்ப வருடங்கள். பண்டிகைக்கு இன்னும் சரியாக ஏழு நாள் இருக்கிறது.

கோயிலை ஒட்டி நிற்கும் அந்தோனியா கோட்டைக்கு யூத ஆசாரியர்கள் சிலர் வருகிறார்கள். கோட்டைக்குள் ரோமானியப் பட்டாளம். அங்கே கல்லால் கட்டிய ஓர் அறை. பூட்டு மட்டுமல்ல, முத்திரையும் வைத்திருக்கிறார்கள். ஆசாரியர்களின் முத்திரை ஒன்று, கோயில் கருவூலக் காவலர்களின் முத்திரை ஒன்று. அறைக்குள் தினமும் ஒரு விளக்கு ஏற்றப்படும். ஏற்றுவது கோட்டைத் தளபதியின் பொறுப்பு. அவன் ரோமானியன்.

ஆசாரியர்கள் தங்கள் முத்திரையைக் காட்டுகிறார்கள். தளபதி தலையாட்டுகிறான். கதவு திறக்கிறது. உள்ளேயிருந்து வெளியே வருவது ஓர் உடுப்பு. யூதர்களின் தலைமை ஆசாரியர் பண்டிகையன்று அணிய வேண்டிய உடுப்பு. அதைக் கொண்டுபோய் சுத்திகரிப்புச் சடங்குகள் செய்து, அணிந்து, பண்டிகை முடிந்த மறுநாளே திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். மூன்று பெரும் பண்டிகைகள், ஒரு நோன்பு நாள். ஆக, வருடத்தில் நான்கு முறை இதே கதை.

யோசித்துப் பாருங்கள். சாமி உங்களுடையது, கோயில் உங்களுடையது, பூஜை செய்கிறவர் உங்கள் ஆள். ஆனால், அவர் மாட்டிக்கொள்ள வேண்டிய உடுப்பு மட்டும் உங்களை ஆள்கிற அந்நியனின் பெட்டியில். அவன் மனசு வைத்தால் பண்டிகை.

இந்த ஏற்பாட்டை விலாவாரியாக எழுதி வைத்தவர் யோசேபஸ். அதே நூற்றாண்டில் வாழ்ந்த யூத வரலாற்றாசிரியர், ஆசாரியக் குடும்பத்துக்காரர். ரோமானியர்களோடு முதலில் சண்டை போட்டு, பிறகு அவர்கள் பக்கமே போய்விட்டவர். அந்த விஷயத்தில் அவர்மீது யூதர்களுக்குக் கோபம் உண்டு. ஆனால், கோயில் சமாசாரங்களில் அவர் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. உள்வீட்டு ஆள்.

சரி, ஓர் உடுப்புக்கு எதற்கு இத்தனை பூட்டு?

யாத்திராகமத்தின் 28-ம் அதிகாரத்தைப் புரட்டினால் விடை கிடைக்கும். பொன் நூலும் நீலம், ஊதா, சிவப்பு நூல்களும் கலந்து நெய்த துணி. ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம், இரட்டையாக மடித்தது. அதன்மேல் நான்கு வரிசை. வரிசைக்கு மூன்று என்று பன்னிரண்டு கற்கள். ஒவ்வொன்றும் தங்கக் குவளையில் பதித்தது. ஒவ்வொரு கல்லிலும் இஸ்ரேலின் பன்னிரண்டு கோத்திரங்களில் ஒன்றின் பெயர், முத்திரை மோதிரத்தில் வெட்டுவதுபோல வெட்டியிருக்கும். இதுதான் மார்ப்பதக்கம். தோள்பட்டையில் தனியாக இரண்டு கற்கள். அவற்றிலும் கல்லுக்கு ஆறு பெயராக அதே பன்னிரண்டு பெயர்கள்.

அதாவது, தலைமை ஆசாரியர் கடவுளின் முன்னால் போய் நிற்கும்போது தனியாக நிற்பதில்லை. மொத்த ஜனமும் அவர் நெஞ்சில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பன்னிரண்டு பெயர்களையும் சேர்த்துத்தான் ரோமானியன் பூட்டி வைத்திருந்தான்.

இந்தத் தந்திரத்தை ரோமானியர்கள் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். உடுப்பைக் கோட்டையில் வைக்கும் வழக்கம் அதற்கும் முன்னால், யூத ஆட்சியாளரும் ஆசாரியருமான ஹிர்கானஸ் காலத்திலேயே உண்டு. அவரே ஆசாரியர், அவர் சொத்து அவர் பெட்டியில். அதில் தப்பில்லை. பிறகு வந்த ஏரோது ராஜாவுக்கு ஆசாரியராகிற தகுதி கிடையாது. ஆனால், பெட்டி கையில் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார். இது தன்னிடம் இருக்கும்வரை ஜனங்கள் தனக்கு எதிராகக் கிளம்ப மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. கி.பி. 6-ல் அவர் மகனைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டு ரோம் நேரடியாக ஆளவந்தபோது, கோட்டையோடு சேர்த்துப் பெட்டியும் கைமாறியது.

இருக்கட்டும். அந்தப் பன்னிரண்டு கற்கள் என்னென்ன?

இங்கேதான் வேடிக்கை ஆரம்பம். பட்டியல் தெளிவாக இருக்கிறது. ஓதெம், பித்தா, பாரெகெத் என்று தொடங்கி யாஷ்பே வரைக்கும் பன்னிரண்டு ஹீப்ருப் பெயர்கள். எது எந்தக் கல் என்பதில்தான் இரண்டாயிரம் வருடமாக வழக்கு. வேதத்தை முதன்முதலில் கிரேக்கத்துக்குக் கொண்டுபோனவர்கள் அலெக்சாண்ட்ரியாவில் இருந்த யூதர்கள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. அவர்களே சில இடங்களில் ஊகம்தான் செய்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. ஏழாவது கல்லுக்கு அவர்கள் போட்ட பெயர் 'லிகூரியன்'. காட்டுப்பூனை இனத்து மிருகம் ஒன்றின் மூத்திரம் உறைந்து கல்லானது என்று கிரேக்கர்கள் நம்பிய ஒரு சரக்கோடு சேர்த்துப் பேசப்படும் பெயர் அது! ஆசாரியர் நெஞ்சில் அதுவா என்று கேட்காதீர்கள்.

ஐந்தாவது கல்லின் பெயர் சப்பீர். உடனே 'சஃபையர், நீலக்கல்' என்று சொல்லத் தோன்றும். தமிழ் வேதாகமத்திலும் இந்திரநீலம் என்றுதான் இருக்கிறது. ஆனால், இல்லை. யோபு புத்தகத்தில் இந்தக் கல்லைச் சொல்லும்போது அதில் பொன்துகள் இருப்பதாக வருகிறது. கிரேக்க, ரோமானிய எழுத்தாளர்களும் சப்பீரைப் பொன்புள்ளி தெறித்த கல் என்றே வர்ணிக்கிறார்கள். நீலக்கல்லில் ஏது பொன்புள்ளி? அடர் நீலத்தில் தங்கம் தூவியதுபோல இருக்கும் கல் ஒன்றே ஒன்றுதான். லேப்பிஸ் லாசுலி. அந்தத் தங்கமும் தங்கமல்ல, பைரைட் என்ற இரும்புக் கந்தகத் தாது. மினுக்கும், அவ்வளவுதான்.

அந்தக் கல் கிடைத்த இடம், இன்றைய ஆப்கானிஸ்தானின் வடகிழக்கு மூலையில் படக்‌ஷான் மலைகள். பண்டைய எகிப்துக்கும் மெசபடோமியாவுக்கும் போன லேப்பிஸ் முழுக்க அங்கிருந்துதான் போனது என்று சொல்லிவிடலாம். கழுதை முதுகிலும் படகிலுமாக எத்தனை ஆயிரம் கிலோமீட்டர், எத்தனை கை மாறி, எத்தனை தரகு! கல்லின் விலையில் பாதி வழிச்செலவாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்து பாரெகெத். இதை வாய்விட்டு இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். பாரெகெத்... மரகத... காதில் ஏதோ தட்டுப்படுகிறதா? மின்னல், பளபளப்பு என்ற பொருள் தரும் செமிட்டிக் வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது பாரெகெத். கிரேக்கர்கள் அதை 'ஸ்மராக்தோஸ்' ஆக்கினார்கள். சமஸ்கிருதத்தில் மரகத. தமிழில் மரகதம். எமரால்ட் என்ற ஆங்கிலச் சொல்லும் அந்தக் கிரேக்கச் சொல்லின் பேத்திதான். மொழி ஆய்வாளர்கள் பலரும் ஒப்புக்கொள்ளும் உறவு இது. வியாபாரி சரக்கோடு சேர்த்துப் பெயரையும் இறக்குமதி செய்திருக்கிறான்.

ஆனால் பாருங்கள், தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் பாரெகெத்துக்கு நேராக நிற்பது மரகதம் இல்லை, மாணிக்கம்! அடுத்த கல்லுக்கு மரகதம் போய்விட்டது. தமிழாக்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. 1611-ல் வந்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பிலேயே பச்சையும் சிவப்பும் இடம் மாறித்தான் இருக்கின்றன. சொந்தக்காரப் பெயர் கையிலேயே இருந்தும் உரிய இடத்தில் போய்ச் சேரவில்லை.

ஆறாவது, யஹலோம். இன்றைய ஹீப்ருவில் இதற்கு வைரம் என்று பொருள். டெல் அவிவ் பக்கத்தில் ராமத் கானில் இருக்கிற புகழ்பெற்ற வைரச் சந்தைக்குப் போனால் வாய்க்கு வாய் இந்தச் சொல்தான். தமிழிலும் வச்சிரம் என்றே போட்டிருக்கிறார்கள். ஆனால், மார்ப்பதக்கத்தில் இருந்தது வைரமாக இருக்க வழியே இல்லை. ஏன்? கல்லில் பெயர் வெட்ட வேண்டுமே! வைரத்தை வெட்ட வைரம்தான் வேண்டும். அந்தக் காலத்தில் யாரிடமும் அந்த வித்தை கிடையாது. மாணிக்கம், நீலம் போன்ற கடினமான கற்களுக்கும் இதே கதிதான். சூது பவழம், அகேட், ஜாஸ்பர், லேப்பிஸ் மாதிரி கொஞ்சம் இடம் கொடுக்கும் கற்களில்தான் முத்திரை வெட்டினார்கள். அகழ்வாராய்ச்சியில் கிடைக்கிற பழைய முத்திரைகளும் அந்தக் கற்கள்தான். ஆக, நகைக்கடைக் கண்ணோடு பார்த்தால் மார்ப்பதக்கம் நாம் நினைப்பதைவிடச் சாதுவான பொருள்.

எப்படி வெட்டினார்கள் என்பதற்கு யூத ரபிகள் ஓர் அபாரமான கதை வைத்திருக்கிறார்கள். ஷாமிர் என்று ஒரு பூச்சி. பார்லி அரிசி அளவுதான் இருக்கும். எவ்வளவு கெட்டியான கல்லானாலும் அதன் முன்னால் பிளந்துகொள்ளும். கல்லின்மேல் மையால் பெயரை எழுதி, பூச்சியிடம் காட்டுவார்களாம். எழுத்து போன வழியே கல், கோடையில் அத்திப்பழம் வெடிப்பதுபோல வெடிக்கும். ஒரு துகள்கூட உதிராது. சேதாரம் பூஜ்யம்! பூச்சியைக் கம்பளியில் சுற்றி, பார்லித் தவிடு நிரப்பிய ஈயக் குழாயில் வைத்துப் பாதுகாத்தார்கள் என்பதுவரை தல்மூத் சொல்கிறது. எரேமியா புத்தகத்தில் ஷாமிர் என்ற சொல் வேறு மாதிரி வருகிறது. இரும்பு எழுத்தாணியின் முனையில் பதித்த கடினமான கல். குருந்தக்கல் பொடியாக இருக்கலாம் என்பது பலர் கருத்து. இன்றும் உப்புத்தாளில் இருக்கிற அதே குருந்தம்தான். எனக்கென்னவோ பூச்சிதான் பிடித்திருக்கிறது.

இன்னொரு கதையையும் சொல்லிவிடுகிறேன். அஸ்கலோன் என்ற ஊரில் தாமா என்று ஒருவர். யூதர் அல்ல. மார்ப்பதக்கத்தில் பென்யமீன் கோத்திரத்தின் கல் தொலைந்துவிட்டது. அதே மாதிரிக் கல் தாமாவிடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பெரியவர்கள் வாங்கப் போனார்கள். நூறு தினார் என்று பேசி முடித்தாயிற்று. கல்லை எடுத்துவர உள்ளே போன தாமா வெறுங்கையோடு திரும்பினார். இப்போது தர முடியாது என்றார். ஆள் விலையை ஏற்றுகிறார் என்று நினைத்து, வந்தவர்கள் இருநூறு என்றார்கள். கடைசியில் ஆயிரம்வரை போய்விட்டார்கள். அவர் அசையவில்லை. விஷயம் வேறொன்றும் இல்லை. பெட்டியின் சாவி, தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் விரலில் மாட்டியிருந்தது. அப்பா தானாக எழுந்த பிறகு கல்லைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆயிரம் தினாரை நீட்டினார்கள். வாங்க மறுத்துவிட்டார். முதலில் பேசிய நூறு போதும், அப்பாவின் தூக்கத்தை நான் விற்கவில்லை என்று சொல்லிவிட்டார். அப்பா அம்மாவை எப்படி மதிக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு ரபிகள் எடுத்துக்காட்டியது, தங்கள் மதத்தைச் சேராத இந்த வியாபாரியை.

கல் போதும். தங்கம், வெள்ளிக்கு வருவோம். காமர்ஸ் படித்தவன் என்பதால் இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷெக்கல் என்றதும் நாணயம் என்று நினைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் அது எடை. அகழ்வில் கிடைத்த எடைக்கற்களை வைத்துப் பார்த்தால் சுமார் 11.4 கிராம். 3,000 ஷெக்கல் ஒரு தாலந்து. ஏறக்குறைய 34 கிலோ.

பாலைவனத்தில் ஆசரிப்புக் கூடாரம் அமைத்ததற்கு யாத்திராகமத்தில் கணக்கு இருக்கிறது. இருபது வயதுக்கு மேற்பட்ட ஆண் ஒவ்வொருவரும் அரை ஷெக்கல் வெள்ளி தர வேண்டும். தலைகள் 6,03,550. வசூல் 100 தாலந்தும் 1,775 ஷெக்கலும். போட்டுப் பாருங்கள். 6,03,550-ல் பாதி 3,01,775. நூறு தாலந்து என்பது 3,00,000 ஷெக்கல். மிச்சம் 1,775. ஷெக்கல் சுத்தமாக டேலி! செலவும் எழுதியிருக்கிறது: தாலந்துக்கு ஒன்றாக நூறு பாதங்கள் வார்த்தார்கள், மீதி 1,775 ஷெக்கலில் கொக்கிகளும் பூண்களும். டிரையல் பேலன்ஸ் பொருந்தாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். இத்தனை லட்சம் பேர் உண்மையிலேயே பாலைவனத்தில் இருந்தார்களா என்று கேட்டால், ஆய்வாளர்கள் பெரும்பாலும் தலையை ஆட்ட மாட்டார்கள். ஆனால், எழுதியவன் கணக்குப்பிள்ளை. அதில் சந்தேகமே இல்லை.

எல்லாப் பக்கமும் இந்த ஒழுங்கு என்று சொல்ல மாட்டேன். ஜெருசலேம் ஆலயத்துக்காக தாவீது ஒரு லட்சம் தாலந்து தங்கம் சேர்த்து வைத்ததாக நாளாகமம் சொல்கிறது. கிட்டத்தட்ட 3,400 டன். இன்று உலகிலேயே இரண்டாவது பெரிய தங்க இருப்பு வைத்திருக்கும் ஜெர்மனியின் கையிருப்பே சுமார் 3,350 டன்தான். ஒரு சின்ன மலைநாட்டு ராஜாவிடம் அவ்வளவா? பக்தியில் பூஜ்யங்கள் கூடிவிட்டன.

அதேபோல ஓபீர் தங்கம். சாலொமோனின் கப்பல்கள் போய் 420 தாலந்து கொண்டுவந்த ஊர். உவரிதான் ஓபீர் என்று நம்ம பக்கத்தில் சொல்கிறவர்கள் உண்டு. பெயர் ஒலிக்கிறது என்பதைத் தவிர சான்று கிடையாது. அரேபியா, ஆப்பிரிக்கா, மேற்கிந்தியா என்று ஆளுக்கொரு திசை காட்டுகிறார்கள். ஆனால், ஓபீர் வெறும் கற்பனை இல்லை. 1946-ல் டெல் அவிவ் அருகே தெல் கசீலே மேட்டில் ஒரு பானை ஓடு கிடைத்தது. கி.மு. எட்டாம் நூற்றாண்டு. பெத் ஓரோனுக்கு ஓபீர் தங்கம், 30 ஷெக்கல் என்று எழுதியிருக்கிறது. ஒரு சரக்குச் சீட்டு, அவ்வளவுதான்.

சேர்த்ததெல்லாம் எங்கே போயிற்று? பெரும்பகுதி கப்பமாகப் போயிற்று. சாலொமோன் முந்நூறு பொற்கேடயங்கள் செய்து வைத்தார். அவர் மகன் ரெகொபெயாம் பட்டத்துக்கு வந்த ஐந்தாம் வருடமே எகிப்திய ராஜா சீஷாக் வந்து வாரிக்கொண்டு போய்விட்டான். மகன் என்ன செய்தார் தெரியுமா? அதே மாதிரி வெண்கலத்தில் செய்து வைத்தார். ராஜா கோயிலுக்குப் போகும்போதெல்லாம் காவலர்கள் அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் போவார்கள். முடிந்ததும் அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். வெண்கலத்துக்குப் பூட்டு!

கி.மு. 701-ல் அசீரியப் பேரரசன் சனகெரிப் படையெடுத்தபோது எசேக்கியா ராஜா 30 தாலந்து தங்கமும் 300 தாலந்து வெள்ளியும் கொடுத்தார். கோயில் கதவில் அவரே அடித்திருந்த தகட்டை உரித்து எடுக்க வேண்டியிருந்தது. இதற்கு எதிர்க்கட்சியின் பேரேடும் நமக்குக் கிடைத்திருக்கிறது. சனகெரிப்பின் ஆறு பட்டைக் களிமண் கட்டி, இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில். அதிலும் தங்கம் 30 தாலந்துதான். அப்படியே ஒத்துப்போகிறது. வெள்ளி மட்டும் 800. கொடுத்தவன் குறைத்து எழுதினானா, வாங்கியவன் கூட்டி எழுதினானா, உரித்தெடுத்த தகடெல்லாம் சேர்ந்ததா? இரண்டாயிரத்து எழுநூறு வருடமாகக் கணக்கு நிலுவையில் நிற்கிறது.

கி.மு. 586-ல் பாபிலோனியர்கள் கோயிலையே இடித்துவிட்டார்கள். சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் மறுபடி கட்டினார்கள். பழைய மார்ப்பதக்கத்துக்குள் இருந்த ஊரீம், தும்மீம் என்ற குறிகேட்கும் பொருள்கள் திரும்பவில்லை என்பது எஸ்றா புத்தகத்திலிருந்தே தெரிகிறது. பதக்கத்தைப் புதிதாகச் செய்துகொண்டார்கள். அந்தோனியா கோட்டையில் பூட்டிக் கிடந்தது இந்த இரண்டாவது.

அங்கேதான் விட்டோம். கி.பி. 36, 37 வாக்கில் சிரியாவின் ரோமானிய ஆளுநர் விட்டெல்லியஸ் ஜெருசலேம் வந்தார். நல்ல வரவேற்பு கொடுத்தார்கள். மனம் குளிர்ந்தவரிடம் ஜனங்கள் கேட்டது இந்த உடுப்பை. ரோமுக்கு எழுதி, திபேரியஸ் சக்கரவர்த்தியின் சம்மதம் வாங்கி ஒப்படைத்தார். ஏழெட்டு வருடம் நிம்மதி. பிறகு ஃபாதுஸ் என்ற அதிகாரி வந்தார். மறுபடியும் கோட்டையில் கொண்டுவந்து வையுங்கள் என்று உத்தரவு. கலவரம் வருமோ என்று சிரியாவின் ஆளுநரே படையோடு வந்து நின்றார். சக்கரவர்த்தியிடம் முறையிட ஆள் அனுப்ப அனுமதி கேட்டார்கள் யூதர்கள். அனுப்பலாம், ஆனால் உங்கள் பிள்ளைகளைப் பிணையாகக் கொடுங்கள் என்றார்கள் அதிகாரிகள்.

கொடுத்தார்கள்.

ஒரு சாண் துணிக்கும் பன்னிரண்டு கல்லுக்கும் பெற்ற பிள்ளைகள் பிணை. தூதுக் குழு கடல் தாண்டி ரோமுக்குப் போனது. ஏரோதின் கொள்ளுப்பேரன் அகிரிப்பா அப்போது அரண்மனையில் வளர்ந்துகொண்டிருந்த இளைஞன். அவன் பரிந்து பேசினான். கி.பி. 45-ல் கிளாடியஸ் சக்கரவர்த்தி கடிதம் எழுதினார். உடுப்பு யூதர்களிடமே இருக்கட்டும்.

சாவி கைக்கு வந்து இருபத்தைந்து வருடம். கி.பி. 70. டைட்டஸின் படை கோயிலை எரித்தது. ஒளிந்திருந்த ஆசாரியர் ஒருவர், பெயர் யேசு, தெபுத்தியின் மகன் (அந்தப் பெயர் அப்போது சர்வசாதாரணம்), உயிருக்கு உத்தரவாதம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். கோயில் சுவரிலிருந்து இரண்டு விளக்குத் தண்டுகள், மேஜைகள், கெட்டித் தங்கப் பாத்திரங்கள், திரைகள், அவற்றோடு ரத்தினக் கற்கள் வைத்த தலைமை ஆசாரிய உடுப்பு. எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார். அடுத்துப் பிடிபட்ட பினெகாஸ் என்பவர் மிச்சமிருந்த அங்கிகளையும் கச்சைகளையும் வாசனைத் திரவியங்களையும் காட்டிக் கொடுத்து மன்னிப்பு பெற்றார். அவர் கோயிலின் பொருளாளர்.

ரோமில் டைட்டஸின் வளைவைப் பார்த்திருப்பீர்கள், படத்திலாவது. வெற்றி ஊர்வலத்தில் ஏழு கிளை விளக்கு போகிறது, மேஜை போகிறது, எக்காளங்கள் போகின்றன. மார்ப்பதக்கம் அதில் இல்லை. சிப்பாய்கள் அள்ளிய தங்கம் சந்தைக்கு வந்து குவிந்ததில், சிரியாவில் அந்த வருடம் தங்கத்தின் விலை பாதியாக விழுந்தது என்று எழுதுகிறார் யோசேபஸ்.